பங்கசு சாயத்தை எப்படி உடைக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹற்றன் பக்கம் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். சாயம் கலந்த தண்ணீரைச் சில பங்கசுகள் தெளிய வைக்கும் என்று வகுப்பில் போகிறபோக்கில் சொன்னதுதான், அதற்கப்புறம் கேள்விகள் நிற்கவில்லை. மாணவர்கள் கேட்டார்கள், காளான் பை போடும் அக்காமார் கேட்டார்கள், கண்டிப் பக்கம் பத்திக் பட்டறை வைத்திருப்பவர் கேட்டார். சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் அவரவர் கேட்ட பாணியிலேயே எழுதி, பதிலையும் கீழே போட்டிருக்கிறேன்.

"பங்கசுன்னா காளான்தானே சேர்? அதுக்கு வாயே இல்லையே, சாயத்தை எப்படிச் சாப்பிடும்?"

காளான் என்பது பங்கசின் காய் மாதிரிதான். உண்மையான உடம்பு மரத்துக்குள்ளும் மண்ணுக்குள்ளும் வெள்ளை நூலாகப் படர்ந்திருக்கும் பூசண இழைகள். அந்த இழை நுனிகள் நொதியங்களை வெளியே கசிய விடும். சமிபாடு உடம்புக்கு வெளியிலேயே நடந்து முடிந்து, சிறிய மூலக்கூறுகள் மட்டும் இழைக்குள் உறிஞ்சப்படும்.

"சாப்பிடும்" என்பது பாதிதான் சரி. சாயம் இந்தப் பங்கசுக்கு உணவு அல்ல. அதற்கு வேண்டியது மரத்திலுள்ள செலுலோசும் சீனியும். அவற்றை எடுப்பதற்காக வெளியே விட்ட நொதியத்தில் சாயமும் மாட்டிக்கொள்கிறது. வெறும் சாயத் தண்ணீரில் பங்கசைப் போட்டுவிட்டு "தின்னு" என்றால் அது பட்டினிதான் கிடக்கும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாக வந்துவிடும்.

"எல்லாப் பூஞ்சணமும் செய்யுமா? பாண்ல பிடிக்கிறதுகூட?"

இல்லை. இதில் கெட்டிக்காரர்கள் வெள்ளை அழுகல் பங்கசுகள். மழைக்காலம் முடிந்ததும் லயத்துப் பின்பக்கம் அடுக்கிய விறகில் பழைய கட்டை ஒன்றை உருவிப் பாருங்கள். சில கட்டைகள் பஞ்சு மாதிரி எடை குறைந்து, வெளிறிப்போய், விரலால் இழுத்தால் நார் நாராக உரியும். அது வெள்ளை அழுகல். வேறு சில கட்டைகள் கபில நிறத்தில் கட்டம் கட்டமாக வெடித்து, நசுக்கினால் பொடியாகும். அது கபில அழுகல். முதல் வகை, மரத்துக்கு நிறமும் விறைப்பும் தரும் இலிக்னினையே உடைக்கிறது. இரண்டாவது வகை செலுலோசை எடுத்துக்கொண்டு இலிக்னினின் பெரும்பகுதியை அப்படியே மிச்சம் வைத்துவிடுகிறது. சாய வேலைக்கு முதல் வகைதான் வேண்டும்.

சந்தையில் வாங்கும் சிப்பிக் காளான் (புளூரோட்டசு) வெள்ளை அழுகல்காரர்தான். கட்டைகளில் விசிறி விசிறியாக, வளையம் வளையமாக நிறம் மாறும் திரமேட்டசு, செம்மஞ்சள் நிறத்தில் பளிச்சென்று தெரியும் பிக்னோபோரசு ஆகியவையும் அப்படியே. பாணில் பிடிக்கிற ரைசோப்பசு, அஸ்பெர்ஜில்லசு போன்றவையும் சாயத் தண்ணீரைத் தெளிய வைத்துக் காட்டும். ஆனால் அவை பெரும்பாலும் சாயத்தைத் தங்கள் மேல் ஒட்டிக்கொள்கின்றன. அந்தச் சங்கதிக்குத் தனிக் கேள்வியே கீழே இருக்கிறது.

"சாயம் நேத்து வந்தது, பங்கசு கோடிக்கணக்கான வருசமா இருக்கு. இதை உடைக்க அதுக்கு யார் சொல்லிக் கொடுத்தா?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. முதல் செயற்கைச் சாயங்களில் பேர்போன மோவினை வில்லியம் ஹென்றி பேர்க்கின் 1856இல் செய்தார். அப்போது அவருக்கு 18 வயது. ஆகவே பங்கசுக்குச் சாயத்தோடு பழக்கம் இருநூறு வருடம்கூட இல்லை. தனியாகப் பழகவேண்டிய தேவையும் அதற்கு இருக்கவில்லை.

விடை இலிக்னினில் இருக்கிறது. செலுலோசு ஒழுங்கான சங்கிலி. ஒரே பிணைப்பு திரும்பத் திரும்ப வரும். அதனால் அதற்குப் பூட்டும் திறப்பும் போலப் பொருந்தும் நொதியம் போதும். இலிக்னினோ பென்சீன் வளையங்கள் தாறுமாறாகக் கோத்த பெரிய சிக்கல். எந்த இடத்தில் எந்தப் பிணைப்பு வரும் என்று சொல்லமுடியாது. அதற்குப் பொருந்தும் திறப்பு செய்யவே முடியாது. எனவே பங்கசு வேறு வழியில் போனது: வளையத்திலிருந்து ஓர் இலத்திரனைப் பிடுங்கு, மூலக்கூறு நிலைகுலைந்து தானாக உடையட்டும். யாருடைய இலத்திரன் என்று அந்த நொதியங்கள் அதிகம் பார்ப்பதில்லை. சாயங்களிலும் பென்சீன் வளையங்கள்தான். மரத்துக்கு வைத்த பொறியில் சாயம் விழுந்த கதை இது.

"துணியில நிறம் எதனால தெரியுது? எது உடைஞ்சா நிறம் போகும்?"

சாய மூலக்கூறில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி நீளமாக ஓடும். அந்தத் தொடர்தான் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்சுகிறது. தொடர் எங்காவது அறுந்தால் நிறம் போய்விடும். மூலக்கூறு முழுவதும் சிதையவேண்டும் என்றில்லை. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்று குடும்பங்களைத் தெரிந்து வைத்தால் போதும். அசோச் சாயங்களில் இரண்டு நைதரசன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் சேர்ந்து இரண்டு பக்க வளையங்களை இணைக்கும். உலகில் பயன்படும் சாயங்களில் பாதிக்கு மேல் இந்தக் குடும்பம்தான், கொங்கோ சிவப்பு உட்பட. அந்திராகுயினோன் குடும்பத்தில் பிரகாசமான நீலங்கள் அதிகம். திரைபீனைல்மெதேன் குடும்பத்தில் பளிச்சென்ற ஊதாவும் பச்சையும் வரும். பள்ளி ஆய்வுகூடத்தில் பற்றீரியாவுக்கு நிறமூட்டும் பளிங்கு ஊதா இந்த மூன்றாவது வீட்டுப் பிள்ளை.

"நொதியங்களோட பேரைச் சொல்லுங்க சேர், பரீட்சைக்கு எழுதணும்."

முக்கியமாக மூன்று: லாக்கேசு, மங்கனீசு பேரொட்சிடேசு, இலிக்னின் பேரொட்சிடேசு. மூன்றும் ஒட்சியேற்றும், அதாவது இலத்திரனைப் பிடுங்கும் நொதியங்கள். ஆனால் ஒவ்வொன்றும் வேலை செய்யும் முறை வேறு.

லாக்கேசு செப்பு நொதியம். ஒரு மூலக்கூறில் நான்கு செப்பு அணுக்கள் இருக்கும். நான்கு தடவை இலத்திரன் பிடுங்கிச் சேர்த்து, காற்றிலுள்ள ஓர் ஒட்சிசன் மூலக்கூறுக்குக் கொடுத்து அதை நீராக்கிவிடும். வேறெந்த இரசாயனமும் கேட்காது என்பதால் ஆய்வாளர்களுக்கு இதன்மேல் தனிப் பிரியம். இதை முதலில் கண்டவர் ஜப்பானியரான யோஷிடா, 1883இல். அவர் கண்டது பங்கசில் அல்ல, மெருகெண்ணெய் தரும் ஒரு மரத்தின் பாலில். பங்கசுகளில் இருப்பது பிறகு தெரியவந்தது.

பேரொட்சிடேசுகள் இரண்டும் இரும்பு நொதியங்கள், நம் குருதியில் உள்ளது போன்ற ஹீம் கொண்டவை. இவற்றுக்கு ஐதரசன் பேரொட்சைட்டு வேண்டும். அதைப் பங்கசே வேறு நொதியங்களால் சிறிது சிறிதாகச் செய்துகொள்ளும். மங்கனீசு பேரொட்சிடேசு நேரே பாயாது. மங்கனீசு அயனை ஒட்சியேற்றி அனுப்பிவைக்கும், அந்தச் சிறிய அயன் போய் வேலையை முடிக்கும். பெரிய நொதியம் நுழையமுடியாத மர இடுக்குகளுக்குள் போக இது நல்ல உத்தி. மூன்றிலும் பலசாலி இலிக்னின் பேரொட்சிடேசு. லாக்கேசால் அசைக்கமுடியாத வளையங்களையும் இது உடைக்கும். இது 1983இல் பனரோகீட்டே கிரைசோஸ்போரியம் என்ற பங்கசில் கண்டுபிடிக்கப்பட்டது.

அதே 1983இல் கிளென், கோல்ட் என்ற இருவர் அந்தப் பங்கசு பெரிய மூலக்கூறுச் சாயங்களை நிறமிழக்கச் செய்வதைக் காட்டினார்கள். அப்போது சாயம் வெறும் அளவுகோல். இலிக்னின் உடைவதை அளப்பது சிரமம், சாயம் மங்குவதைப் பார்ப்பது சுலபம். கழிவு நீரைச் சுத்தமாக்கும் எண்ணம் பின்னால்தான் வலுத்தது. 1990இல் அசோச் சாயங்களையும் இது உடைக்கும் என்ற ஆய்வு வந்தது.

"தேயிலை பேக்டரியில கொழுந்து சிவக்குதே, அதுவும் நொதியம்தானே? இதுவும் அதுவும் ஒண்ணா?"

ஒன்று அல்ல, ஆனால் கிட்டத்துச் சொந்தம். வாட்டிய கொழுந்து ரோலரில் நசுங்கும்போது கலங்கள் உடைகின்றன. அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த கற்றசீன்களும் பொலிபீனோல் ஒட்சிடேசு என்ற நொதியமும் ஒன்றோடொன்று கலக்கின்றன. காற்றிலுள்ள ஒட்சிசனை வைத்துக்கொண்டு அந்த நொதியம் கற்றசீனை ஒட்சியேற்ற, தியாபிளவின், தியாருபிஜின் என்று செம்மஞ்சளும் கபிலமும் பிறக்கின்றன. நாம் "புளிக்கவைத்தல்" என்கிறோம், ஆனால் அதில் நுண்ணுயிருக்கு வேலை இல்லை. முழுக்க இலையின் சொந்த நொதியம்தான். உலர்த்தியின் சூடு பட்டதும் அது செத்துவிடும், நிறம் அத்தோடு நிற்கும். பச்சைத் தேயிலைக்கு முதலிலேயே சூடு காட்டி நொதியத்தைக் கொன்றுவிடுவதால்தான் அது பச்சையாகவே இருக்கிறது.

அந்தப் பொலிபீனோல் ஒட்சிடேசும் செப்பு நொதியம், அதுவும் பீனோலை (கற்றசீன் போன்ற வளையச் சேர்வைகளை) பிடிக்கும், அதுவும் ஒட்சிசனை நீராக்கும். லாக்கேசுக்கும் இதே குணங்கள். அப்படியென்றால் ஒன்று நிறத்தை உண்டாக்குகிறது, மற்றது அழிக்கிறது, ஏன்? தொடங்கிய பொருள் வேறு என்பதுதான் பதில். கற்றசீனுக்கு நிறமில்லை. ஒட்சியேறிய துண்டுகள் ஒன்றோடொன்று கோத்துப் பெரிதாகும்போது நிறத் தொடர் உருவாகிறது. சாயத்தில் தொடர் ஏற்கெனவே இருக்கிறது, ஒட்சியேற்றம் அதை அறுக்கிறது. இரசாயனத்துக்கு நிறத்தை ஆக்குவதும் அழிப்பதும் ஒன்றுதான். சொல்லப்போனால் லாக்கேசும் சில வேளை தேயிலை வேலை பார்த்துவிடும். அது ஒரு தலைவலி, கீழே வருகிறது.

"இதைக் கண்ணால பார்க்கலாமா, இல்ல படத்துல மட்டும்தானா?"

பார்க்கலாம், அழகாகவே தெரியும். ஏகார் கூழில் ரெமசோல் பிரகாச நீலம் என்ற அந்திராகுயினோன் சாயத்தைக் கலந்து தட்டில் ஊற்றி, நடுவில் பூசண இழைத் துண்டு ஒன்றை வைப்பார்கள். முதலில் வெள்ளை இழை வட்டமாகப் படரும். பிறகு தட்டைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தால் நடுவிலிருந்து நீலம் வெளிறத் தொடங்கியிருக்கும். நல்ல பங்கசாக இருந்தால் வெளிறிய வட்டம் இழையின் விளிம்பையும் தாண்டி முன்னே போகும். இழை இன்னும் தொடாத இடத்தில் நிறம் போயிருக்கிறது என்றால் நொதியம் வெளியே கசிந்து முன்னால் போயிருக்கிறது என்று அர்த்தம். முதல் பதிலில் சொன்ன "வெளியே சமிபாடு" இதுதான். காட்டில் பொறுக்கிய பங்கசில் எது வெள்ளை அழுகல்காரர் என்று பிரித்தறிய ஆய்வுகூடங்களில் இன்றைக்கும் இந்தத் தட்டைத்தான் வைக்கிறார்கள்.

"கண்காட்சிக்கு வேணும் சேர். ஆய்வுகூடம் இல்லாம எப்படிச் செய்றது?"

காளான் போடும் வீட்டில் அறுவடை முடிந்த சிப்பிக் காளான் பை ஒன்றைக் கேளுங்கள், சும்மாவே தருவார்கள். மரத்தூளும் தவிடும் வெள்ளை இழையால் கட்டிப்பட்டிருக்கும். அதற்குள் நொதியம் இன்னும் மிச்சம் இருக்கும். பச்சைப் பூஞ்சணம் பிடித்த பை வேண்டாம்.

வாயகன்ற மூன்று போத்தல்களை எடுங்கள். மூன்றிலும் ஒரே சாயக் கரைசல், ஒரே அளவு, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய நிறம். முதல் போத்தலில் பைத் தூள் ஒரு பிடி. இரண்டாவதில் அதே அளவு தூள், ஆனால் அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டது. மூன்றாவதில் சாயம் மட்டும். வாயைத் துணியால் கட்டி, வெயில் படாத இடத்தில் வைத்து, நாளுக்குச் சில தடவை குலுக்குங்கள். காற்று உள்ளே போகவேண்டும், லாக்கேசுக்கு ஒட்சிசன் தேவை என்று மேலே சொன்னேனே. மூன்றாவது போத்தல் சாயம் தானாக மங்குகிறதா என்று சொல்லும். இரண்டாவது, செத்த தூள் எவ்வளவு நிறத்தை ஒட்டிக்கொள்கிறது என்று சொல்லும். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசம்தான் நொதியத்தின் கணக்கு. நடுவர் கேட்டால் இந்த வித்தியாசத்தை விளக்குங்கள். ஒற்றைப் போத்தலைக் காட்டி "நிறம் போச்சு" என்று சொல்பவருக்கு நான் புள்ளி போடமாட்டேன்.

மரத்தூளிலிருந்து கபில நிறம் இறங்கும், அதனால் மஞ்சள், கபிலச் சாயங்களை எடுக்காதீர்கள். நீலம் நல்லது. கையுறை போடுங்கள். சமையல் பாத்திரத்தை எடுக்காதீர்கள்.

"தண்ணி தெளிஞ்சிருச்சு, ஆனா வெள்ளையா இருந்த இழை நீலமாயிருச்சு. வெற்றியா தோல்வியா?"

சாயம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பூசண இழையின் சுவரில் கைற்றின் உட்படப் பல பொருள்கள் உள்ளன, அவை சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உயிரோடு இருக்கும் இழையும் செய்யும், செத்த இழையும் செய்யும். பாண் பூஞ்சணம் பற்றி மேலே சொன்னது இதைத்தான்.

உண்மையான உடைப்பில் இழை முதலில் கொஞ்சம் நிறம் பிடித்து, நாளாக நாளாக மறுபடி வெளுக்கும். நிறம் அப்படியே தங்கிவிட்டால் இழையை மதுசாரத்தில் ஊறவையுங்கள். சாயம் கரைந்து திரும்ப வந்தால் அது உடையவில்லை. பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் நிறமாலை, அதாவது எந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற வரைபடம், எடுப்பார்கள். சாயத்துக்குரிய உச்சம் வெறுமனே தாழ்ந்தால் ஒட்டல் என்ற சந்தேகம் வரும். உச்சத்தின் உருவமே மாறி, வேறிடத்தில் புதிதாக ஒன்று முளைத்தால் மூலக்கூறு மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒட்டல் பயனற்றது என்று சொல்லவில்லை. தண்ணீரில் பரவிக் கிடந்ததை ஒரு பிடிக்குள் அடக்கியதும் ஒரு வேலைதான். ஆனால் அந்தப் பிடியை என்ன செய்யப் போகிறோம் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

"நிறம் போயிட்டா நஞ்சும் போச்சுதானே?"

இல்லவே இல்லை. அதிகமாகக் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான். தொடர் ஓர் இடத்தில் அறுந்தால் நிறம் போய்விடும் என்று மேலே பார்த்தோம். மிச்சமுள்ள துண்டுகள் தண்ணீரில்தான் இருக்கின்றன. அவை சாயத்தைவிட நல்லவையாகவும் இருக்கலாம், கெட்டவையாகவும் இருக்கலாம்.

அசோச் சாயத்தை ஒட்சிசன் இல்லாத இடத்தில் பற்றீரியாக்கள் உடைக்கும்போது நைதரசன் பிணைப்பு இரண்டாகப் பிளந்து அரோமற்றிக் அமீன்கள் (பென்சீன் வளையத்தோடு நைதரசன் சேர்ந்த சேர்வைகள்) வரும். கொங்கோ சிவப்பிலிருந்து வரக்கூடிய பென்சிடீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். பங்கசு ஒட்சியேற்றி உடைப்பதால் வேறு பாதையில் போக வாய்ப்புண்டு. லாக்கேசு பீனோல் வகை அசோச் சாயத்தை உடைக்கும்போது அந்த நைதரசன் வாயுவாகவே வெளியேறலாம் என்று 1995இல் காட்டினார்கள். பங்கசின் பெரிய அனுகூலம் இது. ஆனாலும் எல்லாச் சாயத்துக்கும் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மலகைட்டுப் பச்சை இன்னொரு பாடம். அதைத் தாழ்த்தினால், அதாவது அதற்கு இலத்திரன் கொடுத்தால், நிறமில்லாத வடிவமாக மாறும். கண்ணுக்குத் தண்ணீர் சுத்தம், மூலக்கூறோ ஏறக்குறைய முழுசாக இருக்கிறது. மீனின் உடம்பில் அந்த நிறமற்ற வடிவம்தான் நீண்ட நாள் தங்குகிறது. ஆகவே தெளிந்த தண்ணீரில் பயறு முளைக்கவைத்துப் பாருங்கள். நல்ல தண்ணீரில் முளைத்த பயறோடு வேரின் நீளத்தை ஒப்பிடுங்கள். முழு நஞ்சுப் பரிசோதனைக்கு அது ஈடாகாது, ஆனால் நிறத்தை மட்டும் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல்.

"எதுக்கு இவ்வளவு பாடு? கிளோரின் ஊத்தினா ஒரு நிமிசத்துல வெளுத்துருமே?"

வெளுக்கும். போன கேள்விக்குச் சொன்ன பதில் இதற்கும் பொருந்தும். அதற்கு மேல், துண்டுகளோடு குளோரின் சேர்ந்து புதிய குளோரினேற்றிய சேர்வைகள் உருவாகலாம். அதை ஓடையில் விடுவது இன்னும் மோசம்.

"பங்கசை வளர்க்கிறதெல்லாம் தொல்லை. நொதியத்தை மட்டும் போத்தல்ல வாங்கி ஊத்தினா?"

லாக்கேசு விலைக்குக் கிடைக்கிறது. கார்மண்டில் வேலை செய்யும் பிள்ளைகள் சிலருக்கு இது தெரியாமலேயே தெரிந்திருக்கும். ஜீன்சைத் தேய்ந்த மாதிரி வெளுக்கவைக்கும் சலவைப் பகுதியில் லாக்கேசு பயன்படுவதுண்டு. ஜீன்சின் இண்டிகோ நீலத்தை அது ஐசாடினாக உடைக்கிறது.

வெறும் நொதியத்தால் எல்லாச் சாயத்தையும் தொடமுடியாது. அந்திராகுயினோன் நீலங்களை லாக்கேசு நேரே பிடிக்கும். பல அசோச் சாயங்களுக்கு இடையில் ஒரு தூதுவர் வேண்டும். சிறிய மூலக்கூறு ஒன்று லாக்கேசிடம் ஒட்சியேறி, போய்ச் சாயத்தைத் தாக்கித் திரும்பி வரும். மங்கனீசு செய்யும் வேலையேதான். ஆய்வுகூடத் தூதுவர்கள் விலை கூடியவை, சிலவற்றுக்கு நஞ்சும் உண்டு. பேரொட்சிடேசை ஊற்றினால் ஐதரசன் பேரொட்சைட்டையும் சேர்த்து ஊற்றவேண்டும், கொஞ்சம் கூடினால் நொதியமே பழுதாகும். உயிருள்ள பங்கசு இந்த அளவையெல்லாம் தானே பார்த்துக்கொள்கிறது. அதோடு உடைந்த துண்டுகளைக் கலத்துக்குள் இழுத்து இன்னும் சிதைக்கவும் அதால் முடியும். போத்தல் நொதியம் முதல் வெட்டோடு நின்றுவிடும்.

"போத்தல்ல நல்லா வந்துச்சு. பட்டறைத் தண்ணியில போட்டா ஒண்ணுமே நடக்கல. ஏன்?"

பத்திக் நண்பரின் கேள்வி. அவருடைய தொட்டித் தண்ணீரில் சாயம் மட்டுமா இருக்கிறது? றியக்டிவ் சாயத்தைத் துணியில் பிடிக்கவைக்கச் சோடாவும் உப்பும் போடுகிறார். சோடாவால் பிஎச் 10க்கு மேல் போய்விடும். இந்த நொதியங்கள் பெரும்பாலும் 3 முதல் 5 வரையிலான புளிப்பில்தான் உற்சாகமாக இருக்கும். உப்பிலுள்ள குளோரைட்டு லாக்கேசின் செப்பில் போய் உட்கார்ந்து வழியை அடைத்துவிடும். சில சாயங்களுக்கு அவர் போடும் ஐதரோசல்பைற்றும் எதிரிதான், ஒட்சிசனை அது முதலில் தின்றுவிடும். இத்தனையும் சேர்ந்த தொட்டியில் பங்கசு வேலை செய்தால்தான் ஆச்சரியம்.

வழி உண்டு. முதலில் அலசிய தண்ணீரையும் கடைசியாக அலசிய தண்ணீரையும் ஒன்றாக ஊற்றாதீர்கள். பின்னதில் உப்பும் சோடாவும் குறைவு, அதில் தொடங்குங்கள். பிஎச் தாளால் பார்த்து வினாகிரி விட்டு 5க்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். புதுத் தூளைப் போடுங்கள். அப்படியும் சில தடவைக்கு மேல் ஓடாது. திறந்த தொட்டியில் பற்றீரியா புகுந்து சீனியைப் பிடுங்கிக்கொள்ளும், பங்கசு பின்தங்கிவிடும். உலகம் முழுக்க இந்த முறை பெரிய தொழிற்சாலைகளுக்குப் பரவாமல் இருப்பதற்கு ஒரு முக்கிய காரணம் இந்தப் பற்றீரியாப் போட்டிதான்.

"நுவரெலியாக் குளிர்ல நடக்குமா?"

மெதுவாக நடக்கும். சிப்பிக் காளானின் இழை 25 பாகை செல்சியசுக்குக் கிட்ட நன்றாகப் படரும், கண்டியிலும் பதுளையிலும் அது சிரமமில்லை. 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் போத்தலை அடுப்படிப் பக்கம் வையுங்கள். ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி வரும் பனரோகீட்டே 40 பாகைக்குக் கிட்ட விரும்பும் பங்கசு. மலைநாட்டுக்கு அது சரிப்படாது.

"சாயத் தண்ணியில வளர்ந்த காளானைச் சமைக்கலாமா?"

கூடாது. உடைந்த துண்டுகள் என்னவென்று தெரியாது. சில சாயங்களில் குரோமியம், செப்பு போன்ற உலோகங்கள் உண்டு. உலோகத்தை எந்த நொதியமும் அழிக்கமுடியாது, அது காளானில் போய்ச் சேரும். அந்தத் தூளை மரக்கறிப் பாத்திக்கும் போடாதீர்கள்.

"மரத்தை அழிக்கிற பங்கசைத் தோட்டத்துக்குள்ள கொண்டாந்தா தேயிலைக்கு நோய் வராதா?"

சிப்பிக் காளானால் வராது, அது செத்த மரத்தில் வாழ்வது. பயம் முழுக்கத் தவறு என்றும் சொல்லமாட்டேன். தேயிலையின் கபில வேர் நோயை உண்டாக்கும் பங்கசும் வெள்ளை அழுகல் வகைதான். பரிசோதனைக்கென்று மலையில் செத்துப்போன தேயிலைச் செடியின் வேரைப் பிடுங்கிக்கொண்டு அலையவேண்டாம். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் இப்போது தலவாக்கலையில் இருக்கிறது, வேர் நோய்ச் சந்தேகத்தை அங்கே கேளுங்கள்.

"பெரிய பேக்டரிக்காரர் செய்ய வேண்டியதை நம்ம தலையில ஏன் கட்டுறீங்க?"

கட்டவில்லை. பெரிய சாயத் தொழிலகங்கள் கழிவைப் படியவைத்து, பற்றீரியாச் சேற்றுத் தொட்டியில் காற்றூட்டித்தான் விடவேண்டும். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அதற்கு அனுமதிப்பத்திரமும் நியமங்களும் உள்ளன. பற்றீரியாத் தொட்டி சேதனக் கழிவை நன்றாகக் குறைக்கும். நிறத்தில்தான் தடுமாறும், ஏனென்றால் சாயங்கள் கழுவினாலும் வெயில் பட்டாலும் போகாதபடி செய்யப்பட்டவை. ஒரு லீற்றரில் 1 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தாலே பல சாயங்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்த மிச்ச நிறத்துக்குப் பங்கசு உதவுமா என்பதுதான் ஆய்வாளர்களின் கேள்வி.

நமக்கும் இதில் பங்குண்டு. காசல்ரீ நீர்த்தேக்கத்தை நிரப்பும் கெசல்கமு ஓயாவும் மவுசாகலை நீர்த்தேக்கத்தை நிரப்பும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. கொழும்பு அதை அம்பத்தலையில் எடுத்துக் குடிக்கிறது. மேலே பட்டறைக் கானில் விடுவது கீழே போகாமல் எங்கே போகும்?

"முதல்ல நீலம் குறைஞ்சுச்சு, அப்புறம் தண்ணி கபிலமாயிருச்சு. ஏன் சேர்?"

தேயிலை வேலை என்று சொன்ன தலைவலி இதுதான். லாக்கேசு பிடுங்கிய துண்டுகளில் பீனோலும் அமீனும் இருந்தால், அவை ஒன்றோடொன்று கோத்துப் பெரிதாகிக் கபிலமாகும். சிலவேளை கீழே படியும், அப்படிப் படிந்தால் வடித்து எடுத்துவிடலாம். இரண்டாவது போத்தலும் கபிலமானால் அது வெறும் மரத்தூள் நிறம்.

"பனரோகீட்டேல லாக்கேசே இல்லைன்னு வாசிச்சேன். நீங்க லாக்கேசு லாக்கேசுன்னு சொல்றீங்களே?"

வாசித்தது சரி. 2004இல் அதன் மரபணுத் தொகுதி வெளியானபோது வழக்கமான லாக்கேசு மரபணு அதில் இல்லை என்று தெரிந்தது. அது பேரொட்சிடேசுகளை வைத்தே பிழைக்கிறது, அதுவும் நைதரசன் தட்டுப்பாடு வரும்போதுதான் அவற்றை நன்றாகச் சுரக்கும். சிப்பிக் காளானோ நேர்மாறு. லாக்கேசு நிறைய, மங்கனீசு பேரொட்சிடேசும் உண்டு, இலிக்னின் பேரொட்சிடேசு கிடையாது. அதற்குப் பதிலாக இரண்டு பேரொட்சிடேசுகளின் குணமும் கலந்த ஒரு பல்திறன் நொதியத்தை வைத்திருக்கிறது.

இதனால்தான் ஒரே சாயம் ஒருவர் போத்தலில் மங்குகிறது, இன்னொருவர் போத்தலில் அசையவே மாட்டேன் என்கிறது. இரண்டு பேரும் வேறு வேறு பங்கசு வைத்திருப்பார்கள். அல்லது கடையில் "நீலம்" என்று ஒரே பெயரில் வேறு வேறு சாயம் வாங்கியிருப்பார்கள், ஒன்று அந்திராகுயினோன், மற்றது அசோ. சாயப் பைக்கற்றில் எண்ணோ வகையோ அச்சிட்டிருந்தால் அதைக் கிழித்துக் குறிப்புப் புத்தகத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள், பார்ப்போம்.